ஐம்பது நாள் ஓடிய நஷ்டம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் மனைவிக்கு நஷ்டம் ஏற்படுத்துவது என்று கழித்தல் சார் முடிவு செய்தார். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது பாருங்கள்.

கழித்தல் சார் என்பது அவருக்கு ஆபீஸில் வைத்த பெயர். படங்களை மொத்தமாக வாங்கித் தியேட்டர்களுக்குக் கொடுக்கிற விநியோக ஆபீஸ் அது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். கூட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள். கழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரே திரண்டு பார்த்த படத்தை அவர் மேஜைமேல் வைத்தால் போதும், சாயங்காலத்துக்குள் நஷ்டமாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். லாபத்தில் பங்கு என்று எழுதி வாங்கிக்கொண்ட கதாநாயகன் ஒருவர், பங்கை அள்ளிப் போகப் பெரிய தோல்பையோடு வந்தார். கழித்தல் சார் அரை மணி நேரம் கணக்கை விளக்கினார். கதாநாயகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, பையையும் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பையில்தான் கழித்தல் சார் தினமும் மதியச் சாப்பாடு கொண்டு போகிறார்.

இப்படிப்பட்டவருக்கு மனைவி எம்மாத்திரம்?

விஷயம் இதுதான். போன வருஷம் முதலாளிக்குக் கையைக் கடித்தது. ஒரு பேய்ப் படம் விலை போகாமல் கிடந்தது. ஐந்தே தியேட்டர் உள்ள ஒரு சின்ன ஏரியாவின் உரிமையை, "மூணு லட்சம்தான்யா, நீயே எடுத்துக்கோ" என்று கழித்தல் சார் தலையில் கட்டிவிட்டார். கையில் இருந்தது ஒன்றரை லட்சம். பாக்கிக்கு எங்கே போவது? வீட்டுக்குத்தான்.

வீட்டில் இருந்தவளைத் தெரு முழுக்க டெய்லரம்மா என்று கூப்பிடும். சட்டை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் என்று பன்னிரண்டு வருஷம் மிதித்துச் சேர்த்ததில் ஒன்றரை லட்சத்தை எடுத்துக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. அளவு எழுதும் நோட்டில், யாருடைய இடுப்புக்கும் தோளுக்குமோ நடுவில், 'லாபத்தில் ஆளுக்குப் பாதி' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அதன் கீழே கழித்தல் சார் ஆபீஸ் பழக்கத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். 'செலவு யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் லாபம்.' சினிமாவில் எல்லா ஒப்பந்தத்துக்கும் உயிர்நாடி அந்த வரிதான்.

படம் ஓடியது. வாடகை கொடுக்காமல் ஒரு வீட்டில் குடியிருக்கிற பேயின் கதை. குடியிருப்பவர்கள் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு பார்த்தார்கள். ஐம்பது நாள் முடிந்தபோது, போட்டது எல்லாம் போக ஆறு லட்சம் லாபம் கழித்தல் சாரின் பேங்க் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

பாதி என்றால் மூன்று லட்சம். அவளுக்கு அதைக் கொடுத்தால் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் பக்கத்து மூலைக்கடையை வாடகைக்கு எடுப்பாள், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்குவாள். முன்னறையை அவர் சினிமா ஆபீஸாக ஆக்கியதிலிருந்து, சமையலறைக்குப் போகிற வழியில் மெஷினைப் போட்டுக்கொண்டு முதுகு வலிக்க வலிக்கத் தைக்கிறாள். வெளியே தெரியாமல் ஆறு மாதமாக மூலைக்கடை முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டு வருகிறாள்.

அவரும் ஒன்றின் முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டு வருகிறார். ஒரு வெள்ளைக் கார். பழசுதான், ஆனால் விலை சரியாக ஆறு லட்சம். நாலு தடவை உள்ளே உட்கார்ந்து பார்த்தாயிற்று. இரண்டு தடவை ஹார்ன் அடித்தாயிற்று. ஐயாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஓட்டத் தெரியாது என்பது ஒரு சின்ன விஷயம்.

ஆக, ஆறு லட்சம் லாபத்தை நஷ்டமாக்க வேண்டும். ஆபீஸாக இருந்தால் மூக்கைச் சொறிகிற நேரத்தில் முடித்துவிடுவார். இங்கே ஒரு சிக்கல். போஸ்டர் அச்சடித்தவர் வீட்டுத் துணி டெய்லரம்மாவிடம்தான் வருகிறது. தியேட்டர் மேனேஜரின் மகளுக்கு யூனிபார்ம் தைப்பதும் அவள்தான். பொய்யாக ஒரு பில் காட்டினால், அளவு எடுக்கிற சாக்கில் உண்மையைக் கறந்துவிடுவாள். அதனால் வெளியாள் யாருமே சம்பந்தப்படாத, பில்லே தேவைப்படாத, வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற செலவாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒரு வாரம் ஆயிற்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அவருக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி.

"இங்க வந்து உட்காரும்மா. படத்தோட கணக்கு முடிஞ்சிருச்சு."

மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி.

"எவ்வளவுங்க?"

"இருபத்து நாலு லட்சம்."

குண்டூசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இருபத்து நாலா! நாம போட்டது மூணு. அப்போ இருபத்தொண்ணு லாபமா?"

கழித்தல் சார் சிரித்தார். லாபத்தில் பங்கு கேட்டு வருகிறவர்களுக்காகவே வைத்திருக்கும் சிரிப்பு அது.

"அது கிராஸ்மா. மொத்த டிக்கெட் வசூல். பேப்பர்ல அத்தனை கோடி இத்தனை கோடின்னு போடுறானே, அது. அதுல நமக்குன்னு ஒரு பைசா கிடையாது."

"ஏன், பார்த்தவங்க திருப்பிக் கேட்டாங்களா?"

"வரி இருக்குல்ல? நாலு லட்சம். மிச்சம் இருபது. அதுக்குப் பேரு நெட்."

"சரி, இருபது நமக்கு."

"தியேட்டர்காரன் சும்மாவா விடுவான்? ஏசி போடுறான், கூட்டிப் பெருக்குறான். அவனுக்குப் பாதி, பத்து."

"பாப்கார்ன் வித்த காசு?"

"அது முழுக்க அவனுக்கு."

"வண்டி நிறுத்துற காசு?"

"அதுவும் அவனுக்குத்தான்."

"அடுத்த தடவை படத்தை விட்டுட்டுத் தியேட்டரை வாங்கிடலாங்க."

"குறுக்க பேசாதே. மீதி பத்து இருக்கே, அதுதான் ஷேர். படத்தை வாங்கினவனுக்கு வர்ற பங்கு. கணக்கே இங்கதான் ஆரம்பிக்குது."

"அப்போ இவ்வளவு நேரம் பார்த்தது?"

"அது வெறும் டைட்டில்."

டெய்லரம்மா தலையாட்டினாள். "புரியுதுங்க. மூணு மீட்டர் துணியைக் கொண்டாந்து ரெண்டு சட்டை கேக்குறவங்ககிட்ட நான் சொல்றதுதான். மடிப்புக்குப் போச்சு, கரைக்குப் போச்சு, வெட்டுல போச்சு."

"கரெக்ட்! அதேதான்!"

"ஆனா வெட்டுல போன துணி என் பைக்குத்தான் வரும்."

இந்த இடத்தில் கழித்தல் சார் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். அவர் வெள்ளைக் காரில் வெகு தூரம் போய்விட்டிருந்தார்.

"பத்துல, படம் வாங்கின மூணு போச்சு. போஸ்டர், கூரியர், அது இதுன்னு ஒரு லட்சம். மிச்சம் ஆறு."

"ஆளுக்கு மூணு!" அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "மூலைக்கடைக்காரர்கிட்ட இன்னிக்கே சொல்லிடட்டுங்களா?"

கழித்தல் சாருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. நிஜமாகவே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நல்லவேளையாகக் காரின் ஹார்ன் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

"அவசரப்படாதே. செலவு இருக்கு." தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். "ஆபீஸ் வாடகை, அதாவது இந்த முன்னறை, மாசம் பத்தாயிரம் வீதம் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். பேச வந்த தியேட்டர்காரங்களுக்கு டீ, சாப்பாடு, தொண்ணூறாயிரம். வசூலைச் சரிபார்க்கத் தியேட்டர் தியேட்டராப் போன பிரதிநிதிக்குச் சாப்பாடு, அறுபதாயிரம்."

"பிரதிநிதி யாருங்க?"

"நான்தான். ஆபீஸ் உதவியாளர் சம்பளம், மாசம் பன்னிரண்டாயிரம் வீதம் ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரம். போஸ்டர் வைக்கக் குடோன், நாப்பதாயிரம்."

"குடோனா? பரண்ல இருந்து விழுந்துகிட்டே இருந்துச்சே, அதுவா?"

"அதான் குடோன். துணி பேனர் தைச்ச கூலி, அறுபத்தாறாயிரம். வெளியார் போட்ட ஒன்றரை லட்சத்துக்கு வட்டி, ஐம்பத்து நாலாயிரம். சினிமாவுல வட்டி அப்படித்தான் இருக்கும், கேக்காதே. இதர செலவு, நாப்பத்தாறாயிரம். மொத்தம் ஆறு லட்சத்து இருபதாயிரம். இருந்தது ஆறு. ஆக..." குரலை இறக்கினார். "நஷ்டம், இருபதாயிரம்."

மூன்றில் ஒன்று நடக்கும் என்று அவர் தயாராக இருந்தார். அழுவாள், கத்துவாள், இல்லை அண்ணனுக்குப் போன் போடுவாள். டெய்லரம்மா மூன்றையும் செய்யவில்லை.

"பாவங்க நீங்க. வருஷம் பூரா அலைஞ்சு, கடைசியில நஷ்டமா?"

"என்ன பண்றது? சினிமா அப்படி." பெருந்தன்மை அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நீ கவலைப்படாதே. உன் முதல் ஒன்றரை லட்சம் உனக்கு முழுசா வந்துரும். அந்த இருபதாயிரம் நஷ்டத்தை நானே ஏத்துக்கிறேன்."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க."

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. 'சரிபார்த்து ஏற்றுக்கொண்டேன்'னு. நம்ம தொழில்ல அது வழக்கம்." வழக்கம் மட்டுமில்லை, அதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். பங்குக்காரர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது.

"போட்டுட்டா அப்புறம் மாத்தவே முடியாதா?"

"தலைகீழா நின்னாலும் முடியாது."

"நீங்க நின்னாலும்?"

"நானும் கீழ கையெழுத்துப் போடுறேன்ல? எனக்கும் சேர்த்துத்தான்."

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். பேங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், மாடியில் குடியிருக்கிறார். தேதி ஒன்று ஆகிவிட்டால் வாடகை கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

"வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் டெய்லரம்மா. "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடுங்க."

"படிக்காம நான் போடறதில்லைம்மா." மூக்குக்கண்ணாடியை மாட்டி முதல் வரியிலிருந்து படித்தார். விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "கூட்டல் சரியா இருக்கு." திடீரென்று முகம் வெளுத்தது. "ஓனரம்மா! இந்த ஒரு ரூமுக்கா மாசம் பத்தாயிரம்? மாடி முழுசுக்கும் நான் எட்டுதானே குடுக்கறேன்? ஏத்திடாதீங்கம்மா!"

"உங்களுக்கு ஏத்த மாட்டேன் சார். போடுங்க."

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கழித்தல் சார் பேப்பரை மடித்துப் பையில் வைக்கப் போனார். அவள் நாசூக்காக வாங்கிக்கொண்டாள்.

"சார், நீங்க வாடகையை யார்கிட்ட குடுப்பீங்க?"

"உங்ககிட்டதாம்மா. வீடு உங்க பேர்லதானே இருக்கு."

"இவர்கிட்ட?"

"ஒரே ஒரு தடவை குடுத்தேன். நீங்க மறுபடியும் என்கிட்ட வாங்கினீங்க."

டெய்லரம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்போ இந்த முன்னறை வாடகை ஒரு லட்சத்து இருபதாயிரம் யாருக்குங்க சேரணும்?"

கழித்தல் சார் அவள் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தார்.

"அது... அது செலவாயிடுச்சும்மா. போன காசு."

"போச்சுன்னா எங்க போச்சு?"

"கணக்குல போச்சு."

"கணக்குக்குக் கையா இருக்கு வாங்கி வச்சுக்க? போன காசு யார் கைக்காவது போயிருக்கணும்ல? நீங்க சொன்னபடி தியேட்டர் காசு தியேட்டர்காரனுக்குப் போச்சு. போஸ்டர் காசு அச்சாபீஸுக்குப் போச்சு. வீட்டு வாடகை வீட்டுக்காரிக்குத்தானே வரணும்?"

"நியாயம்," என்றார் மாடிவீட்டுக்காரர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"டீயும் சாப்பாடும் தொண்ணூறாயிரம். அடுப்படியில நின்னது யாரு? பிரதிநிதி சாப்பாடு அறுபதாயிரம். கட்டிக் குடுத்தது யாரு? குடோன் வாடகை நாப்பதாயிரம். பரண் என்ன பக்கத்து வீட்டிலயா இருக்கு?"

"ஏம்மா, வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்..."

"நான் விலை போடலீங்க. நீங்க போட்ட விலை. உதவியாளர் சம்பளம். போன் வந்தப்பல்லாம் 'சார் மீட்டிங்ல இருக்கார், அப்புறம் பேசுவார்'னு வருஷம் பூரா சொன்னது யாரு? மீட்டிங் எங்க நடந்துச்சுன்னு சாருக்கே தெரியும்."

"குறட்டை மாடி வரைக்கும் கேக்கும்," என்றார் மாடிவீட்டுக்காரர்.

"பேனர் நாலே நாலுதான் தைச்சேன். அதுக்கு அறுபத்தாறாயிரம் போட்டிருக்கீங்க. என் கைக்கு நீங்க இவ்வளவு மதிப்பு வச்சிருக்கீங்கன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சுங்க." இதைச் சொல்லும்போது அவள் நிஜமாகவே கண் கலங்கினாள். "வட்டி ஐம்பத்து நாலாயிரம். 'வெளியார்'னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒன்றரை லட்சம் என்னோடதுதானே? கட்டினவளை வெளியாராக்கிட்டீங்க. பரவாயில்ல, வட்டி வந்தா வருத்தப்பட மாட்டேன்."

கழித்தல் சார் கடைசித் துரும்பைப் பிடித்தார். "இதர செலவு நாப்பத்தாறாயிரம் இருக்கே! அது உனக்கு இல்ல!"

டெய்லரம்மா எழுந்து நின்றாள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"யாருங்க அந்த இதர?"

"யாரும் இல்லம்மா, அது ஒரு..."

"எனக்கு நீங்க இருக்கீங்க. உங்களுக்கு நான் இருக்கேன். நடுவுல நாப்பத்தாறாயிரம் வாங்கிட்டுப் போற இதர யாரு? எந்தத் தெரு? எங்க அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

"நீதாம்மா! இதரயும் நீதான்! வேற யாரும் இல்ல!"

"சாட்சி சார், கேட்டுக்குங்க." அளவு நோட்டைப் பிரித்து அவர் கையெழுத்திலேயே இருந்த வரியைக் காட்டினாள். செலவு யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கு முதலில். "மொத்தம் ஆறு லட்சத்து இருபதாயிரம். கையில இருக்குறது ஆறு. மீதி இருபதாயிரம் நஷ்டத்தை நீங்களே ஏத்துக்கிறேன்னு சொன்னீங்க. உங்க முதல்ல இருந்து கழிச்சுக்கலாம். கழிக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாதே."

ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்குச் செக் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நஷ்டம் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

டெய்லரம்மா செக்கை நோட்டுக்குள் வைத்தாள். ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "ஆளுக்கு மூணுன்னு நேராக் குடுத்திருந்தீங்கன்னா சந்தோஷமா வாங்கிட்டுப் பேசாம இருந்திருப்பேன். இந்த டீக்குக் காசு வேண்டாம், குடிங்க."

கார் கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரச் சம்மதித்தார். இடத்தை அடைத்து நிறுத்தி வைத்ததற்கு, தினம் துடைத்ததற்கு, நாலு தடவை உட்கார்ந்ததற்கு என்று கழித்துக்கொண்டு மீதியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். கவர் மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் மூலைக்கடை திறந்தது. ஓவர்லாக் மெஷின், இன்னும் இரண்டு மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். முதல் நாளே வாசல் வரை கூட்டம். கழித்தல் சாருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம், "அது நம்ம கடை" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஆரம்பித்தாள். "கடைக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் வேணுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இருக்கேனே! சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் எல்லாம் வேலைக்கு வர்ற ஆளுக்கு. நீங்க வீட்டு மனுஷர். லாபத்துல பத்துல ஒரு பங்கு."

கழித்தல் சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "லாபத்துல வேண்டாம்மா! கிராஸ்ல குடு! நூத்துக்கு ஒண்ணு குடு. ஒண்ணு வேண்டாம், அரை குடு!"

"பத்துல ஒண்ணு குடுக்கிறேங்கிறேன், நூத்துல அரை போதும்ங்கிறீங்களே. உங்களுக்கு ஆசையே கிடையாதுங்க." பேனாவைத் திறந்து அவர் விரலுக்கு நடுவில் வைத்தாள். "லாபத்துலயே வாங்கிக்குங்க. இங்க, இந்த இடத்துல."

லாபத்தில் பங்கு என்றால் என்னவென்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில், அவள் சொல்லச் சொல்ல, கடையின் முதல் கணக்கை அவரே எழுதிக் கூட்டினார். நஷ்டம்.